மிதிக்கக் கூடாத வெளிச்சம்

மேலிருந்து எறிகிறது கருவி,
ஓடும் பட்டையின் மேல்
ஒரு சிவப்புச் செவ்வகம்.
கனமில்லை. உயரமில்லை.
தாளைவிட மெல்லிசு.
அது என்னை நோக்கி வருவதைப் பார்க்கிறேன்,
நன்றாகத்தான் பார்க்கிறேன்,
பார்த்துக்கொண்டே மிதிக்கிறேன்.

கீச்சென்கிறது இயந்திரம்.
"இன்னொரு தரம்" என்கிறான் தைமன்.
என் இடுப்புவாரைப் பின்னால் பிடித்திருக்கிறான்,
கன்றைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறவன் மாதிரி.

முப்பத்தொரு வருஷம்
லேவார்டனைச் சுற்றிய பண்ணைகளில்
பால் லாரி ஓட்டியவன் நான்.
விடியுமுன், மூடுபனியில்,
இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே
பதினாறு மீட்டர் இரும்பைப்
பின்னோக்கி எடுத்திருக்கிறேன்.
ஒரு வாளியைத் தட்டியதில்லை.

இப்போது ஓட்டச் சொல்வது
ஒரே ஒரு பாதத்தை.
இடது.
மண்டையிலிருந்து கட்டளை புறப்பட்டுவிடுகிறது.
வழியில் எங்கோ பாலத்தைத் தூக்கியிருக்கிறார்கள்.
படகு ஒன்று அவசரமே இல்லாமல் கடக்கிறது,
மேல்தளத்தில் யாரோ காப்பி குடிக்கிறார்கள்.
பாலம் இறங்கிச் செய்தி காலுக்குப் போய்ச் சேரும்போது
செவ்வகம் எனக்குப் பின்னால் எங்கோ.

"எட்டிப் போடுங்கள்,
இல்லையென்றால் குறுக்கிப் போடுங்கள்.
இரண்டுக்கும் நடுவில்தான் விழுவது."
தைமனுக்கு இருபத்தாறு வயது.
இப்படிப் பேசுகிறோம் என்பது
அவனுக்கே தெரியாது.

மூன்றாவது வாரம்
நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே நடக்கச் சொன்னான்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எண்பத்தாறுக்குப் பிறகு
கால் நின்று கணக்குக் கேட்டது.
எழுபத்தொன்பது என்று நான் கண்டுபிடித்தபோது
வாரில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்ஸ்கா இதை முன்பே கவனித்திருக்கிறாள்.
பேச்சுக் கொடுத்தால் நான் நின்றுவிடுகிறேன் என்று
பேசுவதை விட்டுவிட்டாள்.
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாற்பது மீட்டர்,
அவள் காலணி, என் கோல்,
அவள் காலணி, என் கோல்.
கல்யாணமான நாளிலிருந்து
ரோட்டிக் கடை வாசலில்கூட வாய் ஓயாதவள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
சமையலறைத் தரையில் ஜன்னல் அளவுக்கு
வெயில் விழுந்திருந்தது.
நான் குறுக்கினேன்.
முழங்காலைத் தூக்கினேன்.
விரல்நுனி படாமல் அந்த வெயிலைத்
தாண்டி இறங்கினேன்.

கழுவிக்கொண்டிருந்த தட்டோடு
அவள் திரும்பிப் பார்த்தாள்.
சிரிப்பு வந்தது பாருங்கள்,
தட்டை வைக்க இடம் தெரியவில்லை அவளுக்கு.
எனக்கும் வந்தது, வலது பக்கத்து வாயில் மட்டும்.
சிரித்தபடியே அடுத்த அடி வைத்தேன்,
பூனையின் தண்ணீர்க் கிண்ணம்
சுவர் வரைக்கும் உருண்டது.

"அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடவா?"
துணியோடு தரையில் உட்கார்ந்து கேட்டாள்.
தைமனிடம் சொன்னேன்.
தாளில் ஏதோ எழுதிக்கொண்டான்.
வெயிலுக்கு மதிப்பெண் கொடுத்தானா,
கிண்ணத்துக்குக் கழித்தானா,
கேட்கவில்லை.

புதன்கிழமை, வாய்க்கால் ஓரம்.
செங்கல் பாவிய தெரு,
வேர் முட்டி மேலெழும்பிய இடங்கள்,
சாய்ந்து கிடக்கும் ஒரு பிள்ளையின் ஸ்கூட்டர்.
இங்கே எதுவும் கீச்சென்று எச்சரிப்பதில்லை.
நனைந்த இலைகளுக்குத்
தாங்கள் தடை என்பது தெரியாது.

"ராத்திரிக்கு என்ன?" என்றாள்,
தவறி வந்த கேள்வி.
நாக்கைக் கடித்துக்கொண்டதும் தெரிந்தது.
"பட்டாணி சூப்" என்றேன்.

ஐந்தாறு செங்கல் தள்ளித்தான் உறைத்தது,
கால் நிற்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச தூரம் போனதும்,
குரலில் எதையும் காட்டாமல்,
"கடுகு இருக்கா வீட்டில்?"

எதிரே, சைக்கிள்களை மறிக்க நட்ட
குட்டை இரும்புத் தூண்.

இரு, வீட்ஸ்கா.
இதைச் சுற்றிவிட்டுச் சொல்கிறேன்.